வண்டி ஏன் ஆஃப் ஆகிறது? – வாசகர் கேள்வி பதில்

டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் ஓட்டியபோது நன்றாகத்தான் வந்ததுங்க. வீட்டு வண்டியை எடுத்தால் தெருமுனை தாண்டுவதற்குள் நாலு தடவை ஆஃப் ஆகிவிடுகிறது. பக்கத்தில் உட்காரும் வீட்டுக்காரர் "ஆக்சிலேட்டரை மிதி, மிதி" என்கிறார். மிதித்தால் எகிறிக் குதிக்கிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நீங்கள் கிளட்சை வெடுக்கென்று விட்டபோதெல்லாம் அவர் தன் பக்கம் மிதித்துக் காப்பாற்றியிருப்பார். வண்டி ஓடியது பாதி அவர் காலில். வீட்டுக்காரரைக் கொஞ்ச நாள் பேசாமல் வரச் சொல்லுங்கள். இப்போதைக்கு உங்களுக்கு ஆக்சிலேட்டரே வேண்டாம்.

ஆஃப் ஆவதற்குக் காரணம் இதுதான். சும்மா நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 800 சுற்று சுற்றுகிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கிளட்ச் பிளேட் வழுக்கி வழுக்கிப் பிடித்தால் சக்கரம் மெல்ல எஞ்சினோடு சேர்ந்துகொள்ளும். ஒரேயடியாகக் காலை எடுத்தால், நிற்கிற வண்டியின் முழுக் கனமும் எஞ்சின் தலையில் விழுந்து அது நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானமோ, காலியாகக் கிடக்கும் நெல் களமோ, சமதளமாக ஓரிடம் பாருங்கள். சீட்டை முன்னால் இழுத்து, கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி வையுங்கள். கால் எட்டாமல் நுனிவிரலால் மிதிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தீரவே தீராது. செருப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். கால்மிதி பெடலுக்கு அடியில் சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், ஸ்டியரிங்கில் சின்ன நடுக்கம் தெரியும். பிளேட் பிடிக்கும் இடம் அதுதான். அங்கேயே காலை இரண்டு விநாடி நிறுத்துங்கள். வண்டி தானாக நடக்கிற வேகத்தில் நகரும். அதன்பிறகே மிச்சத்தை விடவேண்டும். பிரேக் பிடித்து நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. தினம் 20 தடவை போதும். ஆக்சிலேட்டர் தொடாமல் இது கைவந்த பிறகு வலது காலைச் சேருங்கள்.

இன்னொன்று: இந்தப் பிடிக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். பிளேட் தேயத்தேயப் பெரும்பாலும் மேலே ஏறிக்கொண்டே போகும். ஸ்கூல் வண்டியில் பழகிய கால் வீட்டு வண்டியில் ஏமாறுவது அதனால்தான்.

ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்றால், மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளுகிறது. பின்னால் பஸ் நிற்கும்போது கை காலெல்லாம் நடுங்குகிறது.
– வாசகர், ஈரோடு

ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? நின்றதும் அதை இழுத்துவிட்டு நியூட்ரல் போடுங்கள். கிளம்பும்போது முதல் கியர், ஆக்சிலேட்டரை 1,500 சுற்று வரும்வரை மெல்ல மிதித்து, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விடுங்கள். பானெட் லேசாகத் தூக்கும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் போகும். இதை விட்டுவிட்டு, ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை ஏற்றத்தில் தாங்கி நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம். சற்று நேரத்தில் கருகல் வாடை வரும். கருகுவது உங்கள் காசு.

திம்பம் வழியாக மைசூர் போய்வரப் போகிறோம். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பர் சொல்கிறார். சரிதானா?
– வாசகர், திருப்பூர்

மிச்சமும் இல்லை, உயிருக்கு உத்தரவாதமும் இல்லை. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் எஞ்சின் நிற்காமல் ஓட, பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும்.

பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையே 27 கொண்டை ஊசி வளைவு. எந்த கியரில் ஏறுமோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு, வளைவில் தேவைப்பட்டால் ஒன்று. நியூட்ரலில் இறங்கினால் முழு வேகத்தையும் பிரேக்கே தாங்கவேண்டும். பேடு சூடேறிப் பிடி குறையும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். அப்படித் தெரிந்தால் இரண்டாவது, முதல் என்று கியரைக் குறைத்து, ஓரம்கட்டி அரைமணி ஆறவிடுங்கள். சூடான வீலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எஞ்சினை ஆஃப் செய்து இறங்குவது அதைவிட மோசம்: பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் இறுகும்.

கியரை வளைவுக்கு முன்பே குறையுங்கள், நடு வளைவில் தடவாதீர்கள். எதிரே லாரி ஏறி வந்தால் வளைவுக்கு வெளியே நின்று வழிவிடுங்கள். அதற்குத் திரும்ப முழு ரோடும் வேண்டும். குறுகிய மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

எல்எல்ஆர் போட்டால் தனியாக ஓட்டலாமா?
– வாசகர், நாமக்கல்

கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்கவேண்டும்; முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்டவேண்டும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம்.

ரிவர்ஸ் போடும்போது மட்டும் 'கர்ர்ர்' என்கிறது. கியர் பாக்ஸ் போய்விட்டதா?
– வாசகர், பெருந்துறை

பெரும்பாலும் இல்லை. முன்னால் போகும் கியர்களுக்குப் பல்லின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் உள்ளே உண்டு. நிறைய வண்டிகளில் ரிவர்சுக்கு அது கிடையாது. வண்டி முழுக்க நின்றபின் கிளட்சை அடிவரை மிதித்து, மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள். ஒருமுறை முதல் கியரைத் தொட்டுவிட்டுப் போட்டாலும் வழுக்கென்று விழும். இவ்வளவும் செய்து சத்தம் நிற்காவிட்டால், அடிவரை மிதித்தும் கிளட்ச் பிளேட் எஞ்சினை விட்டு முழுதாகப் பிரியவில்லை என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் முதலில் கேபிளை, ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் கியர் பாக்ஸை இறக்கலாம் என்று அவர் சொன்னால் வேறு ஒர்க் ஷாப் தேடுங்கள்.