கரப்பானுக்கு அருகன் தைலம் போதுமா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம். கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் தோல் சிவந்து சொரசொரப்பாக இருக்கிறது. இரவெல்லாம் சொறிகிறான். டாக்டர் எக்ஸிமா என்று ஸ்டீராய்டு க்ரீம் எழுதினார். மாமியாரோ, "கரப்பானை அமுக்கினால் இழுப்பாக மாறிவிடும், அருகன் தைலம் போதும்" என்கிறார். சங்கில் கொஞ்சம் வேப்பெண்ணெய் புகட்டவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் வேப்பெண்ணெய். ஒரு சொட்டுகூட வாயில் வேண்டாம். வேப்பெண்ணெய் புகட்டிய சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து கைக்குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்திலேயே மலேசிய மருத்துவர்கள் இதை எழுதி எச்சரித்துவிட்டார்கள். இதில் மாமியார் மனம் நோகுமே என்று பார்க்காதீர்கள்.

அருகன் தைலம் வேறு விஷயம். அது அருகம்புல் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவது. அருகம்புல்லைவிட அந்தத் தேங்காய் எண்ணெய் மேல்தான் எனக்கு நம்பிக்கை. 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்றில், எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளில் ஒரு பாதிக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் மறுபாதிக்கு மினரல் ஆயிலும் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) 8 வாரம் தடவிப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய்தான் நன்றாக வேலை செய்தது. எனவே தைலத்தைத் தடவலாம், ஆனால் வெடிப்போ நீர்க்கசிவோ இல்லாத இடத்தில் மட்டும். முதலில் கையில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

தடவும் நேரமும் முக்கியம். எண்ணெய் தோலுக்கு ஈரம் தராது, இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடி வைக்கும். நீங்கள் எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, பிறகு பயத்தமாவு போட்டு அரக்கித் தேய்த்துக் குளிப்பாட்டினால் பலன் தலைகீழ். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தடவுங்கள். வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர்கள் ஆசையாய்க் கொண்டுவரும் ஆலிவ் எண்ணெய் சமையலோடு நிற்கட்டும். அது தோலின் மேல் அடுக்கைத் தளர்த்திவிடும். கடுகு எண்ணெயும் வேண்டாம்.

சரி, இழுப்பு விஷயம். உங்கள் மாமியார் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். கரப்பான் வந்த குழந்தைகளில் சிலருக்குப் பின்னால் ஆஸ்துமா வருவது உண்மை. ஆனால் க்ரீம் போட்டு அமுக்கியதால் அது வருவதில்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது பரம்பரையாக வரும் ஒரே ஒவ்வாமைத் தன்மை. க்ரீம் போடாத குழந்தைகளுக்கும் அது வரும்.

சிவந்து தடித்த இடத்துக்கு எந்த எண்ணெயும் போதாது. குழந்தை முகத்துக்குப் பொதுவாக எழுதுவது ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு. டாக்டர் சொன்ன நாட்கள் வரை போட்டு, அடங்கியதும் அவர் சொன்னபடி நிறுத்துங்கள். பெரியவர் ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால், பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களையும் சேர்த்து) அகல இடத்துக்குப் போதும். அதைத் தைலத்தோடு கலக்காதீர்கள், சற்று இடைவெளி விட்டுத் தடவுங்கள்.

ஸ்டீராய்டுக்குப் பயந்து, லேபிள் இல்லாத 'மூலிகை க்ரீம்' வாங்குபவர்களும் உண்டு. 1999-ல் லண்டனில் இப்படி விற்ற 11 சீன மூலிகை க்ரீம்களைச் சோதித்தார்கள். 8-ல் இருந்தது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு! இரண்டே நாளில் மாயமாய்க் குணமானால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால், கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் நீங்களாக விலக்க வேண்டியதில்லை. ஏதாவது சாப்பிட்டதும் குழந்தைக்குத் தடிப்பு கூடுவதைக் கவனித்தால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

புண்ணில் மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சலோடு சின்னச்சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பினாலோ தைலம், க்ரீம் எதையும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.