பழைய இணைய ரேடியோ ஓய்ந்துவிட்டது, அடுத்து எதை வாங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு வைஃபை ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. முதல் பட்டனில் செய்தி, மூன்றாவது பட்டனில் பழைய பாட்டு என்று கை பழகிவிட்டது. இப்போது எதை அழுத்தினாலும் ‘இணைக்கிறது’ என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டதாம். மாற்றாக எதை வாங்கலாம்? ஸ்மார்ட் ஸ்பீக்கரே போதும் என்கிறான் மகன்.

பதில்: உங்கள் ரேடியோவில் கோளாறு இல்லாமலே இப்படி ஆகியிருக்கலாம். மெனுவில் நெட்வொர்க் அமைப்புக்குள் போய், ஐபி முகவரி என்ற இடத்தில் 192.168 என்று தொடங்கும் எண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ரேடியோவுக்கும் ரவுட்டருக்கும் இடையே தொடர்பு இருக்கிறது. பெரும்பாலும் சிக்கல் வீட்டுக்கு வெளியே, நிலையப் பட்டியலை வைத்திருக்கும் தொலைதூரக் கணினியில், அதாவது சர்வரில்தான் இருக்கும்.

அப்பா மூன்றாவது பட்டனை அழுத்தியதும் ரேடியோ நேராக அந்த நிலையத்துக்குப் போவதில்லை. பல மாடல்களில் அந்த பட்டனுக்குப் பின்னால் சேமிக்கப்பட்டிருப்பது நிலையத்தின் முகவரி அல்ல, வெறும் ஓர் அடையாள எண். ரேடியோ அந்த எண்ணை ஒரு சர்வருக்கு அனுப்பி, இதன் இப்போதைய முகவரி என்ன என்று கேட்கும். பதில் வந்த பிறகுதான் நிலையத்தோடு இணையும். அந்த சர்வரை மூடிவிட்டால், நிலையம் ஒலிபரப்பிக்கொண்டே இருந்தாலும், ரேடியோ நல்ல நிலையில் இருந்தாலும், பாட்டு வராது. அதனால், புது ரேடியோ வாங்கும்போது முதலில் விசாரிக்க வேண்டியது ஒலித்தரத்தை அல்ல. அது யாருடைய பட்டியலை நம்பி ஓடுகிறது, அந்தப் பட்டியல் போனால் வேறு வழி இருக்கிறதா என்பதைத்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ரெசிவா என்ற பட்டியல் சேவையை நம்பிப் பல பிராண்டுகளின் ரேடியோக்கள் ஓடின. 2021-ல் அந்தச் சேவை மூடப்பட்டதும், நல்ல நிலையில் இருந்த ரேடியோக்களும் நிலையங்களைத் தேட முடியாமல் போயின. பல பிராண்டுகளுக்கு உள்ளே மாட்டும் மாட்யூலைத் தரும் ஃப்ரண்டியர் நிறுவனம், 2019-ல் விடியூனர் பட்டியலிலிருந்து ஏரபிள் என்ற பட்டியலுக்கு மாறியது. அப்போது ரேடியோக்கள் பிழைத்துக்கொண்டாலும், பலர் தங்கள் விருப்ப நிலையங்களை மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. இன்னொரு உதாரணம் லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ். அதன் விற்பனை 2012-லேயே நின்றது, அதற்கான இணையச் சேவையும் 2024-ல் மூடப்பட்டது. ஆனாலும் இன்றும் அந்த ரேடியோக்கள் பாடுகின்றன. காரணம், அவற்றை இயக்கும் மென்பொருள் திறந்த மூலமாக, அதாவது யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி இருந்தது. இப்போது லிரியான் என்ற பெயரில் அதை யாரும் வீட்டுக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். மூன்றும் நல்ல ரேடியோக்கள்தான். கம்பெனி கைவிட்ட பிறகு பிழைக்க வழி இருந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

அந்த வழிகளில் முக்கியமானது, நிலையத்தின் ஸ்ட்ரீம் முகவரியை (இணையத்தில் அதன் ஒலி வரும் இடத்தை) நாமே உள்ளிடும் வசதி. பல ரேடியோக்களில் இது இருப்பதாகப் பெட்டியில் போட்டிருப்பார்கள். அதை எப்படிச் செய்வது என்பதைக் கையேட்டில் படித்துப் பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் கணக்கு தொடங்கி, அங்கே முகவரியைச் சேர்த்து, அது ரேடியோவுக்கு வந்து சேரும் என்று எழுதியிருந்தால், அந்தத் தளம் மூடும் நாளில் இதுவும் போய்விடும். மாறாக, ரேடியோவின் ஐபி முகவரியை வீட்டிலுள்ள கணினியின் பிரவுசரில் அடித்தால் ஒரு பக்கம் திறக்கும், அங்கே முகவரியை ஒட்டலாம் என்று இருந்தால், அது ரேடியோவுக்குள்ளேயே சேமிக்கப்பட வாய்ப்பு அதிகம். நான் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். இதற்காகத் திரை சற்றுச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

முகவரி எங்கே கிடைக்கும்? ரேடியோ பிரவுசர் என்று ஒரு திறந்த பட்டியல் இருக்கிறது, தன்னார்வலர்கள் நடத்துவது. நிலையத்தின் பெயரைத் தேடினால் ஸ்ட்ரீம் முகவரி, ஒலி வடிவம், பிட்ரேட் (ஒரு நொடிக்கு வரும் தரவின் அளவு) எல்லாம் அங்கேயே தெரியும். சில நேரம் எம்3யூ அல்லது பிஎல்எஸ் என்று முடியும் ஒரு சின்னக் கோப்புதான் கிடைக்கும். அதை நோட்பேடில் திறந்தால் உண்மையான முகவரி உள்ளே ஒரு வரியாக இருக்கும். முகவரியின் நடுவே கேள்விக்குறி வந்து, அதன் பின்னால் நீளமாக எழுத்தும் எண்களும் இருந்தால் கவனம் தேவை. அது தற்காலிக அனுமதிச் சீட்டாக இருக்கலாம், சில மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். கேள்விக்குறிக்குப் பிறகு உள்ளதை நீக்கிவிட்டு ஓடுகிறதா என்று கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு ரேடியோவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒலி வடிவம். எம்பி3 மட்டும் படிக்கும் ரேடியோ இன்று போதாது. ஏஏசி என்ற ஒலி வடிவமும், ஒலியைச் சின்னத் துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறையும் வேண்டும். எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரிகளும் திறக்க வேண்டும். பிபிசி 2023-ல் தன் பழைய எம்பி3 ஸ்ட்ரீம்களை நிறுத்தியபோது, எச்எல்எஸ் தெரியாத ரேடியோக்களில் பிபிசி மட்டும் காணாமல் போனது. இதே காரணத்தால்தான் உங்கள் பழைய மாடலையே செகண்ட் ஹேண்டில் தேடி வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. புதிதாக வாங்கும் கம்பெனியின் ஆதரவுப் பக்கத்துக்குப் போய், நான்கைந்து வருடம் முந்தைய மாடலுக்கு அவர்கள் கடைசியாக ஃபர்ம்வேர் (ரேடியோவுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் கொடுத்தது எப்போது என்று பாருங்கள். அப்பாவின் ரேடியோவை நாளை எப்படிக் கவனிப்பார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இனி அப்பாவின் பக்கம் வருவோம். அவருடைய கை தேடுவது பட்டனை. முன்பக்கத்தில் தனித்தனியாக எண் போட்ட, ஒவ்வொன்றிலும் ஒரு நிலையத்தைச் சேமிக்கும் ப்ரீசெட் பட்டன்கள் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். ‘40 ப்ரீசெட்’ என்று விளம்பரம் இருக்கும், ஆனால் பட்டன் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்து, திருகைச் சுழற்றி, பட்டியலில் தேட வேண்டும். அது இந்த வயதில் ஆகாது. ஒலியளவுக்குத் தனித் திருகு வேண்டும். ரேடியோ அணைந்திருக்கும்போது ப்ரீசெட் பட்டனை அழுத்தினால் நேராகப் பாடத் தொடங்குகிறதா, முதலில் பவர் பட்டனைத் தேட வேண்டுமா என்பதையும் பாருங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு தேதியும் வைஃபை கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டு நிற்கும் ரேடியோவை வாங்கவே வாங்காதீர்கள். இதெல்லாம் விவரப் பட்டியலில் இருக்காது. திருப்பித் தரும் கெடுவுக்குள் பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டிச் சோதித்துவிடுங்கள்.

மகன் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் மோசமில்லை. கண்பார்வை குறைந்தவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால், நிலையத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு நிலையங்கள் இருந்தால் எதைப் போடும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் இல்லாத நிலையத்தைப் பெரும்பாலும் கேட்கவே முடியாது. அதுவும் ஒரு கம்பெனியின் சர்வரை முழுக்க நம்பிய பொருள்தான். பட்டனுக்குப் பழகிய ஒருவரைக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெட்டியிடம் பேச வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய டேப்லெட்டோடு ஒரு நல்ல ஸ்பீக்கரை இணைப்பது செலவில்லாத வழி. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும் அபாயம் உண்டு என்பதால் அவ்வப்போது கவனிக்க வேண்டும். வீட்டில் கணினியில் ஆர்வமுள்ளவர் இருந்தால், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் வால்யூமியோ அல்லது மூட் என்ற இசை மென்பொருளைப் போட்டு, யாருடைய சர்வரையும் பெரிதாக நம்பாத ரேடியோவைச் செய்துவிடலாம். ஆனால் அந்த ஆள் ஊரில் இல்லாத நாளில் அப்பா தவிப்பார்.

வைஃபை பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பல ரேடியோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இணையும். ரவுட்டரில் அதை அணைத்து வைத்திருந்தாலோ, பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை மட்டும் என்று வைத்திருந்தாலோ புது ரேடியோவும் இணையாமல் போகலாம். வேகம் பற்றிக் கவலை வேண்டாம். 128 கேபிபிஎஸ் நிலையம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பிதான் எடுக்கும்.

ஆக, உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது தனி இணைய ரேடியோதான். முன்பக்க ப்ரீசெட் பட்டன்கள், நாமே முகவரி சேர்க்கும் வசதி, கூடவே எஃப்எம், புளூடூத், ஆக்ஸ் உள்ளீடு (வேறு கருவியை ஒயரில் இணைக்கும் துளை). கடைசி மூன்றும் எந்தப் பட்டியல் சர்வர் மூடினாலும் வேலை செய்யும். வாங்குவதற்கு முன், அப்பா கேட்கும் நிலையங்களை அவரையே சொல்லச் சொல்லி எழுதி, அந்த ரேடியோ பயன்படுத்தும் பட்டியலில் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரீம் முகவரிகளையும் அதே தாளில் குறித்து வையுங்கள். புது ரேடியோவில் செய்தி ஒன்றாம் பட்டனிலும் பழைய பாட்டு மூன்றாம் பட்டனிலும் அதே வரிசையில் வரட்டும். பழைய ரேடியோவை எறிய வேண்டாம். பின்னால் ஆக்ஸ் உள்ளீடு இருந்தால், அந்த டேப்லெட்டுக்கு அதுவே ஸ்பீக்கராகும்.