அப்பா மறுபடி கடையில் உட்கார வேண்டும்: அஃபேசியாவோடு பேச்சுத் தைரியத்தை மீட்பது

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. கும்பகோணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. நடக்கிறார், வலது கை இன்னும் பலவீனம். நாங்கள் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. பேச வந்தால் ‘கடை... அது... நேத்து...’ என்று திணறி நின்றுவிடுகிறார். அஃபேசியா என்றார்கள், அதாவது மூளைப் பாதிப்பால் வரும் மொழிச் சிக்கல். நான்கு மாதம் ஸ்பீச் தெரபிக்குப் போய்விட்டு நிறுத்திவிட்டோம். இப்போது போனை எடுப்பதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். பேச்சு சரியாக வந்த பிறகுதான் கடைக்கு வருவேன் என்று சைகை காட்டுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: பேச்சு வரட்டும், பிறகு கடைக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அவர் பேசும் சந்தர்ப்பமே குறைந்துகொண்டு போகும். சந்தர்ப்பம் குறைந்தால் பயம் கூடும். அரைகுறைச் சொற்களோடும் கைச் சைகையோடும் ஒரு காரியத்தைப் பேசி முடித்தேன் என்ற அனுபவம் தினம் சில தடவையாவது கிடைத்தால்தான் தைரியம் வரும். அது கிடைப்பது பாதிக்கு மேல் எதிரே இருப்பவர் கையில் இருக்கிறது. அதனால் பயிற்சியை உங்களிடமும் அம்மாவிடமும் தொடங்கச் சொல்கிறோம். கனடாவின் டொராண்டோவில் ஆரா கேகன் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அஃபேசியா உள்ளவர்களுக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. அவர்களோடு உரையாடும் தன்னார்வலர்களுக்கு மட்டுமே தந்தார்கள். அப்படியும் அஃபேசியா உள்ளவர்கள் தகவலைத் தெரிவிப்பதும் உரையாடலில் பங்கெடுப்பதும் மேம்பட்டது.

பைப்பை இணைக்கும் துண்டுகளில் எது எல்போ, எது டீ, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அதற்கான சொல்லை வேண்டிய நேரத்தில் எடுக்க முடியவில்லை, எடுத்ததை வாக்கியமாகக் கோக்க முடியவில்லை. தமிழில் யார், எப்போது என்பதை வினையின் கடைசியில் ஒட்டிச் சொல்கிறோம். உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற அஃபேசியாவில் அந்த ஒட்டுகள்தான் அதிகம் உதிரும். ‘நான் கடைக்குப் போனேன்’ என்பது ‘நான்... கடை... போ’ என்று வரும். அதைத் திருத்தாதீர்கள். ‘ஓ, நேத்து கடைக்குப் போனீங்களாப்பா?’ என்று இயல்பாக முழுசாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, பேச்சை மேலே கொண்டுபோங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அன்போடுதான் செய்கிறோம், ஆனால் அதிகம் காயப்படுத்துவது அதுதான். சித்தப்பா வந்ததும் டம்ளரைத் தூக்கிக் காட்டி ‘இது என்னன்னு சொல்லுங்க’ என்று பரீட்சை வைப்பது. டம்ளர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரே பலன், அவர் தோற்பதை நாலு பேர் பார்ப்பது. உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாததைக் கேளுங்கள்: ‘இந்த வருஷம் பெயிண்ட் சரக்கு யார்கிட்ட எடுக்கலாம்?’

உரையாடும்போது டிவியை அணைத்துவிடுங்கள், எதிரே உட்காருங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள். சத்தமாகப் பேசத் தேவையில்லை, காது நன்றாகத்தான் கேட்கிறது. கையில் ஒரு வெள்ளை நோட்டும் தடித்த மார்க்கரும் இருக்கட்டும். கேட்டுவிட்டுப் பத்து வினாடி காத்திருங்கள். மனசுக்குள் எண்ணிப் பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நாம் பெரும்பாலும் இரண்டாவது வினாடியிலேயே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உதவி வேண்டும்போது இடது உள்ளங்கையைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் காட்டாதவரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.

அவர் ‘அது... வெள்ளி’ என்று மட்டும் சொல்லி நிற்கிறார் என்று வையுங்கள். ‘என்ன, என்ன?’ என்று கேட்டால் இன்னும் பூட்டிக்கொள்வார். நோட்டில் ஆள், பொருள், பணம் என்று மூன்று சொல் எழுதிக் காட்டுங்கள். பணத்தைத் தொட்டால் அடுத்த வரியில் ‘வரணும் / கொடுக்கணும்’. பிறகு பெயர்கள். இப்படிச் சுருக்கிக்கொண்டே போய், முடிவில் ‘வெள்ளிக்கிழமை பைப் கம்பெனிக்குப் பணம் கொடுக்கணும், சரிதானே?’ என்று உறுதிப்படுத்துங்கள். இந்தக் கடைசிப் படியை விடவே கூடாது. அஃபேசியாவில் ‘ஆமா’வும் ‘இல்ல’யும் வாயில் மாறி வரும். அதனால் கட்டைவிரலையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள், அல்லது ✓, ✗ போட்ட அட்டையைத் தொடச் சொல்லுங்கள். ‘வரலையா? வேண்டாமா?’ போன்ற எதிர்மறைக் கேள்விகளைத் தவிர்த்து, ‘வந்தாரா?’, ‘வேணுமா?’ என்று நேராகக் கேளுங்கள். அட்டையையோ நோட்டையோ பார்க்காமலே விட்டால், வலது பக்கப் பார்வை குறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இடது மூளைப் பாதிப்பில் அது நடப்பதுண்டு. அதுவரை எதையும் அவருக்கு இடப்புறமாகவே வையுங்கள்.

எழுத்துப் பலகை வாங்கித் தந்தால் எழுத்தைக் காட்டிப் பேசிவிடுவார் என்று சிலர் நினைக்கிறார்கள். அஃபேசியா வாசிப்பையும் எழுத்தையும் சேர்த்தே பாதிக்கும் என்பதால் அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. பொருள்களின் படமும் முழுச் சொல்லும் சேர்ந்த அட்டைதான் உதவும். நாக்கில் வசம்பு தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். சிக்கல் நாக்கில் இல்லை. விழுங்குவதில் சிரமம் இருந்தால் புரையேறும் ஆபத்து வேறு.

எட்டு மாதம் ஆகிவிட்டதே, இனி என்ன முன்னேற்றம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெர்மனியில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். தெரபியை மறுபடி தொடங்குங்கள். தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரபிஸ்ட் வழிகாட்டட்டும், வீட்டில் காலையிலும் மாலையிலும் 20 நிமிடம் நீங்கள் நடத்துங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு களைப்பு சீக்கிரம் வரும். களைத்தால் சொல் இன்னும் மறைந்துகொள்ளும், அப்போது தொடர வேண்டாம்.

எந்தச் சொற்களைப் பழக்குவது? பழகிய சொல்தான் பெரும்பாலும் தேறும், பழகாத சொல்லுக்கு அந்தப் பலன் போய்ச் சேருவது குறைவு. எனவே யானையும் ஆப்பிளும் வேண்டாம். எல்போ, டீ, வால்வு, டெஃப்லான் டேப், முக்கால் இன்ச், பேரன் பெயர் என்று அவருக்குத் தேவைப்படும் பத்துச் சொல் எடுங்கள். சொல் வராதபோது அதைச் சுற்றிக் கேளுங்கள்: எதற்குப் பயன்படும், எங்கே மாட்டுவோம், எதில் செய்தது, எந்த ரேக்கில் இருக்கும். வரவில்லையென்றால் வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள்: ‘தண்ணியை நிறுத்தணும்னா மூட வேண்டியது...’ அதற்கும் வராவிட்டால் முதல் ஒலி, ‘வா...’. கடைசியாக முழுச் சொல்லையும் நீங்களே சொல்லி, அவரையும் கூடச் சொல்லவைத்து முடியுங்கள். ஒரே சொல் எல்லாவற்றுக்கும் விடையாக வந்து ஒட்டிக்கொண்டால் இரண்டு நிமிடம் நிறுத்தி வேறு வேலை செய்துவிட்டு வாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும், தினம் பாடும் சாமி பாட்டும் தடையில்லாமல் வரலாம். அது மனப்பாடத்தின் ஓட்டம். வாயைத் திறக்கத் தயங்கும் நாளில் அதில் தொடங்கலாம், அதையே பயிற்சியாக நினைத்து நின்றுவிடக் கூடாது.

தைரியத்துக்கு நாங்கள் அதிகம் நம்புவது வசனப் பயிற்சியைத்தான். அவர் நிஜமாகப் பேச வேண்டிய ஒரு பேச்சை நான்கைந்து வரியில் அவரோடு சேர்ந்தே எழுதுங்கள்:

‘வணக்கம். கும்பகோணம் கடை.’
‘சரக்கு வேணும்.’
‘மெதுவா சொல்றேன்.’
‘லிஸ்ட் வாட்ஸ்அப்ல வரும்.’

முதல் நாட்களில் நீங்கள் சொல்ல அவர் கேட்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு எழுத்தைப் பார்த்து அவர் மட்டும், பிறகு பார்க்காமல். வசனம் வாயில் உட்கார்ந்ததும் எதிர்த்தரப்பில் நின்று வழி மாற்றுங்கள்: ‘சரக்கு இல்லையே’, ‘நாளைக்கு வரட்டுமா?’ இந்தப் படியைத் தாண்டாமல் விட்டால், நிஜ ஆள் வேறு மாதிரி பேசியதும் எல்லாம் குலைந்துபோகும்.

போனுக்கு முதலில் வாட்ஸ்அப் குரல் பதிவு. எதிரே யாரும் காத்திருப்பதில்லை, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். அடுத்து வீடியோ அழைப்பு, முகமும் கையும் தெரிவதால் சுலபம். சாதாரண அழைப்பு கடைசியில், அதுவும் முன்கூட்டிச் சொல்லிவைத்த ஒரே ஆளுடன்.

கடைக்கு முழு நாள் வேண்டாம். கூட்டமில்லாத முற்பகலில் அரை மணி நேரம், பழைய கொத்தனார், பிளம்பர் வரும் வேளையாகப் பாருங்கள். முதல் வாரம் பொருளை எடுத்துக் கொடுப்பது மட்டும். எண்கள் வாயில் மாறும், எட்டு என்று நினைத்து ஐந்து என்பார். ஆகவே விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டட்டும், கணக்கை இன்னொருவர் சரிபார்க்கட்டும். இடது சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கட்டும்: ‘எனக்குப் பக்கவாதம் வந்தது. நீங்கள் பேசுவது புரியும். சொல் வர நேரமாகும். கொஞ்சம் பொறுங்கள்.’ வாசகத்தை அவரே முடிவு செய்யட்டும். வாடிக்கையாளர் கடைப் பையனைப் பார்த்து ‘அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?’ என்று கேட்டால், பையன் பதில் சொல்லாமல் அப்பாவைத் திரும்பிப் பார்க்கப் பழக்குங்கள்.

இத்தனைக்கும் இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மாற்றம், அழுகை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு அடிக்கடி வருவது, மருந்துக்குக் கட்டுப்படுவது. இருக்கிற பேச்சும் திடீரென்று குறைந்தாலோ வாய் கோணினாலோ 108-ஐ அழையுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு மொழிக் குறைபாட்டை விளக்கும் இடத்தில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நிரந்தரப் பாதிப்பு என்று மருத்துவக் குழு மதிப்பிட்டால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது அப்பாவையும் அழைத்துப் போய், ‘பேச்சு... அட்டை... வேணும்’ என்பதை அவரே சொல்ல ஒரு வாரம் முன்பே பழக்கிவிடுங்கள்.