பழைய ‘ஓஸ்’ படத்தைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதன் கார்ட்டூன் தொடர்ச்சி புரியுமா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ‘லெஜண்ட்ஸ் ஆஃப் ஓஸ்: டோரதிஸ் ரிட்டர்ன்’ கார்ட்டூன் போட நினைக்கிறோம். 1939-இல் வந்த பழைய படத்தைப் பார்த்தால்தான் புரியுமா? எப்படிக் காட்டினால் நல்லது?

பதில்:

பழைய படத்தை முதலில் காட்டுங்கள். ஒரே நாளில் இரண்டையும் போடாதீர்கள். முதல் நாள் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ (சுழற்காற்றில் சிக்கி ஓஸ் என்ற மாய நாட்டுக்குப் போகும் டோரதி என்ற சிறுமியின் கதை), மறுநாள் கார்ட்டூன். உங்களிடம் ஆண்டு 1 முதல் 6 வரை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும், அக்கா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பாலர் பள்ளிக் குட்டிகளும் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காரணம் இதுதான். கார்ட்டூனில் வைக்கோல் பொம்மை, தகர மனிதன், சிங்கம் மூவரும் டோரதியின் பழைய நண்பர்களாகவே வருகிறார்கள். வில்லனாக வரும் கோமாளி, பழைய படத்தில் செத்துப்போன மேற்குத் திசைச் சூனியக்காரியின் உடன்பிறந்தவன். அவள் ஒரு வாளித் தண்ணீரில் கரைந்துபோனது தெரியாத பிள்ளைக்கு, இவன் எதற்கு இவ்வளவு கொதிக்கிறான் என்பது பிடிபடாது. ஆட்களை அவன் நூல் பொம்மைகளாக மாற்றுவது மட்டும் கண்ணில் நிற்கும், கதை நிற்காது.

படத்தைத் தேடி எடுக்கும்போதே ஒரு தவறு நடக்கும். பெயர்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. 1985-இல் வந்த ‘ரிட்டர்ன் டு ஓஸ்’ கார்ட்டூன் அல்ல, ஆட்கள் நடித்தது. அதில் டோரதியை மின்சார சிகிச்சைக்கு அழைத்துப்போகிறார்கள். தலையைக் கழற்றி மாற்றிக்கொள்ளும் இளவரசி வருகிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். 1964-இல் அதே பெயரில் தொலைக்காட்சிக்காக ஒரு கார்ட்டூனும் வந்தது. 2013-இல் வந்த ‘ஓஸ் தி கிரேட் அண்ட் பவர்ஃபுல்’ முன்கதை, அதில் டோரதியே இல்லை. நீங்கள் கேட்கும் படம் 2014 மே மாதம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது; வில் ஃபின், டேனியல் செயின்ட் பியர் இயக்கியது; டோரதிக்குக் குரல் லியா மிஷெல். மூலக்கதை ரோஜர் பாம் எழுதியது. 1900-இல் முதல் ஓஸ் நாவலை எழுதிய ஃபிராங்க் பாமின் கொள்ளுப்பேரன் அவர். பென்டிரைவில் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தேதி சொல்லுங்கள்.

இன்னொரு கார்ட்டூன் தொடர்ச்சியும் உண்டு, ‘ஜர்னி பேக் டு ஓஸ்’. பழைய படத்தில் டோரதியாக நடித்த ஜூடி கார்லண்டின் மகள் லைசா மின்னெல்லிதான் அதில் டோரதியின் குரல். பழைய படத்தில் சூனியக்காரியாக மிரட்டிய மார்கரெட் ஹாமில்டன் இதில் ‘எம்’ என்ற பெயருள்ள டோரதியின் அன்பான அத்தைக்குக் குரல் கொடுத்திருக்கிறார். குரல்களை 1960-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். பணத் தட்டுப்பாடு வந்து, படம் வெளிவர 1970-கள் ஆகிவிட்டது. பச்சை யானைப் படை வரும், அதை எலிகள் விரட்டும். என் கணக்கில் 2014 படத்தைவிட இதில் உயிர் அதிகம். ஆனால் ஓட்டம் மெதுவானது. இன்றைய பிள்ளைகள் பொறுமையாக உட்கார மாட்டார்கள். அதனால் உங்கள் தேர்வையே வைத்துக்கொள்ளுங்கள்.

2014 படத்தை விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள், வசூலும் விழுந்தது. யாராவது வந்து இதைச் சுட்டிக்காட்டுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருட்டல்ல. பீங்கான் இளவரசியும், மிட்டாய் ஊரின் மார்ஷல் மாலோவும், படகாக மாறும் பேசும் மரமும் அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு இங்கிலீஷ் படம், தமிழ்ப் படம் இல்லையா” என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்ப் படம் வீட்டில் தினமும் ஓடுகிறது. இது விடுமுறையில் இரண்டு இரவு. பக்கத்துத் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) பிள்ளைகள் பார்ப்பதை நம் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

இனி காட்டும் முறை. பழைய படம் ஏறக்குறைய 1 மணி 42 நிமிடம். முதல் இருபது நிமிடம் பழுப்பு நிறத்தில்தான் ஓடும். இங்கேதான் பாதி மண்டபங்களில் குழப்பம் வருகிறது. ப்ரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று யாராவது எழுந்துபோய் கலர் செட்டிங்கைத் திருகுவார்கள். பிறகு கலர் வரும்போது எல்லா முகமும் பச்சையாகத் தெரியும். யாரும் கைவைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்: “கதவு திறக்கும்போது கலர் வரும், கவனியுங்கள்.” அந்தக் கதவுக் காட்சி எடுத்த விதம் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டின் உட்புறத்தையே பழுப்பு நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். டோரதிக்குப் பதிலாக வேறொரு பெண் பழுப்பு நிறக் கவுன் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். கேமரா வெளியே நகர்ந்ததும் நீலக் கவுன் போட்ட ஜூடி கார்லண்ட் உள்ளிருந்து வருகிறார். மொத்தமும் கலர் ஃபிலிமில் ஒரே ஓட்டமாக எடுத்தது. சுழற்காற்றும் அப்படித்தான்: 35 அடி நீளத்துக்கு மஸ்லின் துணியில் காலுறை மாதிரி தைத்து, தூசியை ஊதிச் சுழற்றினார்கள். இதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் பயம் போய்விடும், கூடவே சுவையும் போய்விடும்.

படத்தின் வடிவம் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட, பழைய டிவி மாதிரி. இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று அகலமாக இழுத்துவிடாதீர்கள், டோரதி குட்டையாகிவிடுவாள். 8 அடிக்கு 6 அடி வெள்ளைத் துணி இருந்தால் பழைய படம் அச்சாகப் பொருந்தும். கார்ட்டூனுக்கு மேலும் கீழும் கொஞ்சம் துணி மீதமாகும், அவ்வளவுதான். ஒரே அடுக்காகக் கட்டிய படுக்கை விரிப்பு ஒளியை விட்டுவிடும். அதன் பின்னால் ஒரு கறுப்புத் துணி கட்டினால் படம் பளிச்சென்று இருக்கும். சாதாரண ப்ரொஜெக்டருக்குத் துணியின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும், 8 அடிக்கு ஏறக்குறைய 12 அடி. துணியின் நடுவுக்கு நேராக வையுங்கள். கீழே வைத்துச் சாய்த்துவிட்டு, படத்தை நேராக்கும் பட்டனை அழுத்தினால் ஓரங்கள் மங்கும். பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகள் முன்னால், ஆனால் துணியிலிருந்து 8 அடி தள்ளி. நாற்காலி எல்லாம் ப்ரொஜெக்டருக்குப் பின்னால்.

மலேசியாவில் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோல சிலாங்கூர் பக்கமெல்லாம் சூரியன் விழ ஏழு மணி தாண்டிவிடும். ஜன்னல் மறைக்க முடியாத மண்டபத்தில் 7.45-க்கு முன் படம் வெளுத்துத்தான் தெரியும். சாயங்கால மழை இன்னொரு தொல்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. சத்தத்தைக் கூட்டுவதால் பயனில்லை, கரகரக்கத்தான் செய்யும். படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டு மைலோ கொடுங்கள். பலத்த மழை பெரும்பாலும் நெடுநேரம் நீடிக்காது.

மொழிதான் பெரிய வேலை. தமிழ் வசனவரியை (திரையின் அடியில் வரும் எழுத்தை) மட்டும் நம்பாதீர்கள். ஆண்டு 3-க்குக் கீழே உள்ள பிள்ளை வரியைப் படிப்பதற்குள் அது மறைந்துவிடும். பழைய படத்துக்கு ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவதுதான் சிறந்தது. இடைநிலைப்பள்ளி அக்கா ஒருத்தி போதும். படத்தை முன்பே இரண்டு முறை பார்த்து, எங்கே பேச வேண்டும் என்று குறித்துக்கொள்ளட்டும். வசனத்துக்கு வசனம் மொழிபெயர்க்கக் கூடாது. யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், இப்போது எங்கே போகிறார்கள், அவ்வளவு போதும். பாட்டு ஓடும்போது வாயைத் திறக்கவே கூடாது. வானவில் பாட்டுக்கு முன் ஒரே ஒரு வரி: “இந்தப் பிரச்சினை எல்லாம் இல்லாத ஓர் ஊர் இருக்குமா என்று டோரதி பாடுகிறாள்.” பிறகு பாட்டை விட்டுவிடுங்கள்.

கார்ட்டூனுக்கு வசனவரி போடுவதானால் டிவியில் பென்டிரைவைச் செருகாதீர்கள். பல டிவிகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும், இல்லாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ செயலியில் ஓட்டி ஹெச்டிஎம்ஐ கேபிளில் கொடுங்கள். வசனவரிக் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் சேமிக்க வேண்டும். படத்துக்கும் அதற்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும். வரி முன்பின்னாக வந்தால் ஜி, ஹெச் பட்டன்களால் நகர்த்தலாம். ஆனால் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகினால் அந்தப் பட்டன்களால் சரி வராது. நொடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்) ஓடும் பிரதிக்குச் செய்த வரியை 23.976 சட்டம் ஓடும் பிரதியில் போட்டிருப்பீர்கள். ஒன்றரை மணி நேரப் படத்தில் கடைசியில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் தள்ளிப்போயிருக்கும். வேறு வரிக் கோப்பு எடுப்பதுதான் எளிது.

பயப்படும் இடங்கள் பழைய படத்தில்தான் அதிகம். சூனியக்காரி புகையோடு முதலில் வருவது, பறக்கும் குரங்குகள் டோரதியைத் தூக்கிப்போவது, கடைசியில் சூனியக்காரி கரைவது. குரங்குகள் இரண்டாம் பாதியில் வரும். மரகத நகரத்துக் கதவு திறக்கும் இடத்தில் இடைவேளை விடுங்கள். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். நான்கைந்து வயதுக் குட்டிகளை அப்போது அம்மாவின் மடிக்கு மாற்றிவிடலாம்.

கார்ட்டூனில் பெரியவர்களைத் தொடும் இடம் ஒன்று உண்டு. புயலுக்குப் பிறகு டோரதியின் ஊர் இருக்கும் கான்சாஸில் வீடுகள் இடிந்து கிடக்கின்றன. மதிப்பீட்டாளன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து, வீட்டைக் காலி செய்யுங்கள் என்கிறான். ஊரே மூட்டை கட்டுகிறது. கடைசியில்தான் அவன் ஏமாற்றுக்காரன் என்று தெரிகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் வரும் இந்தக் காலத்தில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று தலைமுறை உழைத்த இடத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், மாற்று வீடு என்கிறார்கள், அது எங்கே எப்போது என்று எழுத்தில் கேட்டால் வாய் வார்த்தைதான் கிடைக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்: படம் முடிந்த பிறகு பத்து நிமிடம், எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பிள்ளைகளை விட்டாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று அந்த மண்டபத்திலேயே பேசுங்கள். அன்று எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

அனுமதி விஷயம். உங்கள் வீட்டு ஸ்ட்ரீமிங் கணக்கு வீட்டில் பார்ப்பதற்குத்தான். மண்டபத்தில் ஊரைக் கூட்டிக் காட்ட, இலவசமாக இருந்தாலும், உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு படத்துக்கும் உரிமையாளர் வேறு வேறு, தனித்தனியாக எழுதுங்கள். படத்தின் பெயர், ஆண்டு, தேதி, இடம், எத்தனை பேர், கட்டணம் இல்லை என்ற விவரம் எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். பதில் வர நாளாகும், விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வீடு பார்க்கச் சொல்லிவிட்டு, மண்டபத்தில் கதையைச் சொல்லி ஓவியப் போட்டி வைக்கலாம்.

கடைசியாக, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை என்று ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒன்பதரைக்குப் படம் தொடங்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பாதிப் பிள்ளைகள் பாயிலேயே தூங்கிவிடும், மீதிப் பாதியை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு போவார்கள், மறுநாள் கார்ட்டூனுக்கு யாரும் வரமாட்டார்கள். 7.45-க்கு விளக்கை அணையுங்கள். பொன்னாடை போர்த்த வேண்டியவர்களுக்கு இடைவேளையில் போர்த்துங்கள்.