கூட்டுச்சொல்லை ஒண்ணா எழுதவா, ரெண்டா எழுதவா?

பேருந்து நிலையம், வேலைவாய்ப்பு மாதிரி சொல்ல சேத்து எழுதணுமா பிரிச்சு எழுதணுமான்னு கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் ஒரே ரூல் கிடையாது, அர்த்தம் மாறுதான்னு பாத்துக்கிடுங்க. எங்க திருநெல்வேலில நெல்லையப்பர் கோயிலுக்கு எதுத்தாப்ல 'இருட்டுக்கடை'ன்னா அல்வாக்கடைதான், 'இருட்டுக் கடை'ன்னு பிரிச்சா கரண்ட் போன எந்தக் கடையும் ஆயிரும். பெரியப்பா வேற, பெரிய அப்பா வேற.

ஒரு மாவு மில்லுல 'மெஷினில் கைவிடாதீர்'னு எழுதிப் போட்டிருந்தாங்க, நின்னு ரெண்டு தடவ படிச்சேன், கைவிடுறதுன்னா அம்போன்னு விட்டுட்டுப் போறதுல்லா, அங்க வேண்டியது 'கை விடாதீர்'.

துணைவினைன்னா, அதாவது முன்னால உள்ள வினைக்குத் துணையா மட்டும் வர்ற வினைன்னா, சேத்துருங்க: மழை வந்துவிட்டது. ஆனா 'அக்காவை ஸ்டாண்டுல கொண்டு வந்து விட்டான்'னா அந்த விட்டான் தனி வினை, அங்க இடம் விடணும்.

பிரிச்சாலும் நடுவுல வர்ற 'க்' மாதிரி ஒற்ற முழுங்கிராதீங்க, அது முத சொல்லோடயே நிக்கும், 'இருட்டு கடை'ன்னு எழுதுறது தப்பு. பேருந்து நிலையத்துல எப்படி எழுதினாலும் குழப்பம் இல்ல, நீளமா இருக்கேன்னு நான் பிரிச்சுத்தான் எழுதுதேன். ஒரே கட்டுரையில மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி மட்டும் வேண்டாம்.