மரியாஹூவ ஃபிளாட்டா, ஸூட்டர்மேர் வரிசை வீடா? நெதர்லாந்தில் வீடு வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, தி ஹேக் பக்கத்தில் ரைஸ்வைக்கில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி. சொந்த வீடு வாங்கலாம் என்று இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, தி ஹேக்கின் மரியாஹூவ பகுதியில் 1960-களில் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாம் மாடி ஃபிளாட். கேட்கும் விலை 3,25,000 யூரோ, மாதச் சங்கக் கட்டணம் 190. இன்னொன்று, ஸூட்டர்மேரின் செக்வார்ட் பகுதியில் சின்னத் தோட்டத்தோடு வரிசை வீடு, 4,15,000. இரண்டுமே அமைதியான ஏரியா என்கிறார்கள். ஃபிளாட் எடுத்தால் தொண்ணூறாயிரம் மிச்சம். ஆனால் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறதே என்று உறுத்துகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் அதற்கு விடை அந்த ஃபிளாட்டுக்குள் கிடைக்காது. இந்த நாட்டில் ஃபிளாட் வாங்குகிறவர் சட்டப்படி வாங்குவது நான்கு சுவரை அல்ல. முழுக் கட்டடத்திலும் ஒரு பங்கு, அதில் ஒரு பகுதியைத் தனியாக அனுபவிக்கும் உரிமை. நோட்டரி முன் பத்திரம் முடிந்த அந்த நிமிடமே உரிமையாளர் சங்கத்தில், அதாவது வி.வி.இ.-யில், நீங்கள் உறுப்பினர். எனக்கு வேண்டாம் என்று விலக முடியாது. கூரை ஒழுகினால் அது எட்டாம் மாடிக்காரர் பாடு என்று இருந்துவிடவும் முடியாது. ஆகவே சமையலறை அலமாரியைத் திறந்து பார்ப்பதற்கு முன் சங்கத்தின் கணக்கைத் திறந்து பாருங்கள்.

முதலில் அந்த 190 யூரோ. கட்டணம் குறைவு என்று தரகர் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார். எனக்கு அதுதான் முதல் சந்தேகம். 2018 முதல் ஒவ்வொரு வி.வி.இ.-யும் பெரும் பராமரிப்புக்கென்று சேமிப்பு நிதி ஒதுக்க வேண்டும். ஒன்று, பத்தாண்டுகளாவது முன்கூட்டிப் போட்ட பராமரிப்புத் திட்டத்தின்படி. அந்தத் திட்டம் ஐந்து ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. இல்லையென்றால், கட்டடத்தை மறுபடி கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 0.5 சதவீதமாவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 ஃபிளாட் உள்ள கட்டடம், மறுகட்டுமானச் செலவு 1 கோடியே 20 லட்சம் யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 ஒதுக்க வேண்டும். ஃபிளாட் ஒன்றுக்கு 1,250, மாதம் 104. மீதி 86 யூரோவில் கட்டடக் காப்பீடு, லிஃப்ட், படிக்கட்டுச் சுத்தம், பொது மின்சாரம், நிர்வாகக் கம்பெனியின் சம்பளம் எல்லாம் அடங்குமா? சிக்கனமான சங்கமாக இருந்தால் அடங்கலாம். கொதிகலன் ஒன்றை வைத்து மொத்தக் கட்டடத்துக்கும் சூடேற்றும் பழைய ஏற்பாடாக இருந்து, அந்தச் செலவும் இதில்தான் என்றால் நிச்சயம் அடங்காது. அப்படியானால் எங்கோ துண்டு விழுகிறது, அந்தத் துண்டு பெரும்பாலும் சேமிப்பு நிதியில்தான் விழும். கொஞ்ச நாளில் கூரை மாற்றவோ பால்கனி பழுது பார்க்கவோ எல்லாருக்கும் ஆளுக்குப் பல ஆயிரம் யூரோ சிறப்பு வசூல் என்று கடிதம் வரும்.

இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2011-ல் லேவார்டன் நகரில் ஆன்டில்லன்ஃபிளாட் என்ற கட்டடத்தில் நடைபாதைத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து விழுந்தன. வீட்டுக் கதவுகளுக்கு முன்னால் வெளிப்புறமாக ஓடுமே, அந்த நடைபாதைதான். உள்ளே இருந்த கம்பிகள் அரித்துப் போயிருந்தன. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதன் பிறகுதான் அதே பாணியில் கட்டிய ஃபிளாட்டுகளைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நீங்கள் பார்த்ததும் 60-களின் கட்டடம். நடைபாதை அந்த மாதிரி வெளிப்புறமாக இருந்தால், சோதனை நடந்ததா, அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.

தரகரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: கடைசி மூன்று பொதுக்கூட்டக் குறிப்புகள், ஆண்டுக் கணக்கு, பராமரிப்புத் திட்டம், கட்டடப் பிரிவினைப் பத்திரம், வீட்டு விதிகள். டச்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஃபோனில் மொழிபெயர்த்துப் படித்தாலே பாதி புரிந்துவிடும். கூட்டக் குறிப்புதான் உண்மையைச் சொல்லும். ஒரே விஷயம், லிஃப்டோ கூரையோ, மூன்று வருடமாக ‘அடுத்த கூட்டத்தில் பேசலாம்’ என்று தள்ளிப் போகிறதா? கட்டணம் கட்டாதவர்கள் எத்தனை பேர்? கூட்டத்துக்கு ஆள் வருகிறார்களா? இன்னொன்று: முந்தைய உரிமையாளர் நடப்பு ஆண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் வைத்த கட்டணப் பாக்கிக்கு நீங்களும் பொறுப்பு. பத்திரத்துக்கு முன் நோட்டரி சங்கத்திடம் இதைக் கேட்டு வாங்குவார். அந்தத் தாளை நீங்களும் பாருங்கள்.

தி ஹேக் என்பதால் நிலக் குத்தகையையும் பார்க்க வேண்டும். நகராட்சிக்குச் சொந்தமான நிலத்தின் மேல் நிற்கும் கட்டடங்கள் இங்கே ஏராளம். குத்தகைத் தொகை நிரந்தரமாகக் கட்டித் தீர்த்ததாக இருந்தால் கவலை இல்லை. ஆண்டுதோறும் கட்ட வேண்டியது, அதுவும் சில வருடத்தில் திருத்தி எழுதப்படும் என்றால், அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து அமைதி. மரியாஹூவ நகரின் வடகிழக்கு ஓரம். 50-களின் கடைசியில் தொடங்கி 60-களில் எழுந்த பகுதி. அகலமான புல்வெளி, வாய்க்கால், மரங்கள், சொந்தமாக ஒரு ரயில் நிலையம். பகலில் நடந்தால் மனசுக்குப் பிடித்துவிடும். ஆனால் லைடன் போகும் ரயில் பாதை ஓரத்தில் ஓடுகிறது. அதனால் ஞாயிறு மதியம் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். வெள்ளி இரவு பத்தரைக்கு ஒருமுறை, வேலை நாள் காலை ஏழுக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். அட்லஸ் லேஃப்ஓம்கேவிங் என்ற அரசு வரைபடத்தில் முகவரியைப் போட்டால் சாலை, ரயில், விமானச் சத்தம் தெருவாரியாகத் தெரியும். அந்தப் புல்வெளி நாளைக்கும் புல்வெளியாகவே இருக்குமா என்பதை ஓம்கேவிங்ஸ்லோகெட் தளத்தில் நகராட்சித் திட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பற்றாக்குறை உள்ள நாடு இது, காலி இடம் நகராட்சியின் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

வெளியே இருக்கும் அமைதி வேறு, உள்ளே இருக்கும் அமைதி வேறு. அந்தக் காலத்து ஃபிளாட்டில் மேல் வீட்டுக் குழந்தை ஓடுவது கீழே கேட்கும். உங்கள் மகள் ஓடுவதும் கேட்கும்! அதனால்தான் பல சங்கங்கள் லேமினேட் தரை போடுவதற்கு விதி வைத்திருக்கின்றன. அடியில் போடும் விரிப்பு காலடிச் சத்தத்தை 10 டெசிபலாவது குறைக்க வேண்டும் என்பது வழக்கமான ஒன்று. மாவு கிரைண்டரைத் தரையில் வைத்து இரவு ஒன்பதரைக்கு ஓட்டுகிறவர்கள் அடியில் ஒரு தடித்த ரப்பர் பாய் போடுவது நல்லது. அடுப்புக்கு மேல் வைக்கும் புகைபோக்கியையும் மறக்காதீர்கள். பொதுக் காற்றுக்குழாய் உள்ள கட்டடத்தில் மோட்டார் வைத்த புகைபோக்கியை அதில் இணைக்கக்கூடாது; நம் தாளிப்பு வாசனை பக்கத்து வீட்டுக் குளியலறையில் போய் இறங்கும். கரி வடிகட்டி வைத்துச் சுற்றவிடும் வகையைத்தான் வாங்க வேண்டும். மீன் வறுவலுக்கு அது சுமார்தான்.

ஸூட்டர்மேர் வேறு கதை. 60-களுக்குப் பிறகு திட்டமிட்டு வளர்த்த நகரம். செக்வார்டில் வளைந்து வளைந்து போகும் சின்னத் தெருக்கள், கார் மெதுவாகத்தான் போக முடியும், பிள்ளைகளுக்கு நல்லது. தி ஹேக் போக ரான்ட்ஸ்டாட்ரெயில் என்ற இலகு ரயில் வாசலுக்கு அருகே. கூரை, சாக்கடை, கொதிகலன் எல்லாம் உங்கள் தலையில். யாரையும் கேட்க வேண்டாம், யாரும் பங்கு தரவும் மாட்டார்கள். கட்டடப் பரிசோதகரை அழைத்து கூரை, தரைக்கு அடியில் உள்ள ஊர்ந்து போகும் இடைவெளி, சுவர் காப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 1994-க்கு முன் கட்டியது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் பற்றியும் கேளுங்கள்.

இப்போது கணக்கு. வட்டி 4 சதவீதம் என்று வைத்தால், கூடுதல் 90,000-க்கு 30 ஆண்டுக் கடனில் மாதம் சுமார் 430 யூரோ. ஃபிளாட்டின் கட்டணம் 190 அல்ல, நியாயமாக 290 ஆக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் ஃபிளாட்தான் மலிவு. வரிசை வீட்டுக்கும் பராமரிப்புக்கென்று நீங்களே மாதாமாதம் ஒதுக்கத்தானே வேண்டும். சங்கத்தின் காகிதங்கள் சுத்தமாக இருந்தால் நான் மரியாஹூவதான் எடுப்பேன். பராமரிப்புத் திட்டமே இல்லை, குறிப்புகள் கிடைக்கவில்லை என்று இழுத்தால், விலையை இருபதாயிரம் குறைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 36 வயது, மனைவிக்கு 34. இதுதான் எங்கள் முதல் வீடு. 35 வயதுக்குள் இருந்தால் சொத்து மாற்று வரி இல்லை என்கிறார்களே, எங்களுக்குக் கிடைக்குமா?

பதில்: பாதி கிடைக்கும். ஒவ்வொருவர் பங்குக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். 3,60,000 யூரோ வீட்டை இருவரும் சரிபாதியாக வாங்கினால், உங்கள் மனைவியின் பாதிக்கு வரி இல்லை; உங்கள் 1,80,000-க்கு 2 சதவீதம், அதாவது 3,600. வயதைப் பார்ப்பது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் அல்ல, நோட்டரியிடம் பத்திரம் முடியும் நாளில். மனைவிக்கு 35-வது பிறந்தநாள் நெருங்கினால் தேதியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். முழு வீட்டின் மதிப்புக்கும் உச்சவரம்பு உண்டு: 2025-ல் 5,25,000, 2026-ல் 5,55,000. ஆயுளில் ஒருமுறைதான், நீங்களே குடியிருக்க வேண்டும்.

கேள்வி: ஃபண்டா என்ற வீட்டு விளம்பரத் தளத்தில் 3,30,000 என்று போட்ட ஃபிளாட்டுக்கு 3,55,000 கொடுத்தால்தான் கிடைக்கும் என்கிறார் தரகர். ‘கடன் கிடைக்காவிட்டால் விலகலாம்’ என்ற நிபந்தனையையும் எடுத்துவிடச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: அவர் யாருடைய தரகர்? விற்பவருடையவர் என்றால் அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் விற்பவர்தான். உங்களுக்கென்று ஒரு தரகர் வையுங்கள்.

வங்கி தருவது வீட்டின் மதிப்பில் 100 சதவீதம் வரைதான், அதுவும் உங்கள் வருமானம் இடம் கொடுத்தால். மதிப்பீட்டாளர் 3,40,000 என்று எழுதினால் மீதி 15,000 உங்கள் கையிலிருந்து. நோட்டரி, மதிப்பீடு, கடன் ஆலோசகர், வரி எல்லாம் அதற்கு மேல். காதாஸ்டர் என்ற நிலப் பதிவு அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டினால் அதே கட்டடத்தில் மற்ற ஃபிளாட்டுகள் என்ன விலைக்குப் போயின என்று தெரியும். வரிக்காக நகராட்சி வீட்டுக்குப் போடும் வோஸ் மதிப்பைப் பார்ப்பது இலவசம், ஆனால் அது முந்தைய ஆண்டு ஜனவரி 1 நிலவரம்.

நிபந்தனையை எடுப்பது வேறு விஷயம். கடன் மறுக்கப்பட்டால் பொதுவாக விலையில் 10 சதவீதம், உங்களுக்கு 35,500 யூரோ, அபராதம். நிரந்தர வேலை, கையில் சேமிப்பு, ஆலோசகர் எல்லாக் காகிதத்தையும் பார்த்தாயிற்று என்றால் யோசிக்கலாம். தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர் தொடவே கூடாது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த பிறகு மூன்று நாள் காரணம் சொல்லாமலே விலக உரிமை உண்டு. கடன் பதில் அந்த மூன்று நாளில் வந்துவிடாது.

கேள்வி: இப்போது வாங்கிவிட்டு, இரண்டு வருடத்தில் சென்னைக்குத் திரும்பினால் வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: அவ்வளவு சுலபம் இல்லை. தி ஹேக் உட்படப் பல நகராட்சிகளில் குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழுள்ள வீட்டை வாங்கிய முதல் நான்கு ஆண்டுகள் அனுமதியில்லாமல் வாடகைக்கு விட முடியாது. நீங்கள் தேடுகிற மலிவு வீடுதான் அந்த வளையத்துக்குள் வரும். வங்கியின் சம்மதமும் தனியாக வேண்டும். கேட்காமல் வாடகைக்கு விட்டால் வங்கி கடனைத் திருப்பிக் கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடுத்தர வாடகைக்கும், வீட்டின் பரப்பு, வசதிகளுக்குப் புள்ளி போடும் கணக்கில் உச்சவரம்பு உண்டு, காலவரையற்ற ஒப்பந்தமே பொதுவிதி. நீங்களே திரும்பி வந்து குடியேறப் போவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாடகைக்கு விடுவதற்கு விதிவிலக்கு இருக்கிறது. திரும்பும் எண்ணமே இல்லையென்றால் விற்றுவிட்டுப் போவதுதான் சரி. இரண்டே வருடம்தான் என்று இப்போதே தெரிந்தால் வாங்காதீர்கள், வாடகைக்கே இருங்கள்.