ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இருக்கிறது, குளிரைக் காணோம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே சுவரில் தெர்மோஸ்டாட் மாட்டிய சென்ட்ரல் ஏசி பற்றியவை. ரிமோட்டில் ஓடும் ஸ்பிளிட் ஏசி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

கேள்வி: 24 டிகிரி வைத்திருக்கிறேன். திரை மணிக்கணக்கில் 28-லேயே நிற்கிறது. தெர்மோஸ்டாட் பழுதா? மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச்தான். அறை சூடாக இருந்தால் 24 வோல்ட் சிக்னலை ‘ஒய்’ (Y) என்று குறித்த கம்பி வழியாக அனுப்பிக் கம்ப்ரசரைக் கூப்பிடும், ‘ஜி’ வழியாக உள்ளே இருக்கும் ஃபேனைக் கூப்பிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அது கூப்பிடுகிறதா இல்லையா என்பதைத்தான்.

திரையில் ‘கூலிங்’ என்று காட்டுகிறதா? காட்டினால் வெளியே போய்ப் பாருங்கள். வெளி யூனிட் ஓடாமல் நின்றால் அதன் பிரேக்கரைப் பாருங்கள். ‘உம்’மென்று உறுமல் மட்டும் வந்து விசிறி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பும் கெபாசிட்டர் போயிருக்கும். உடனே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கம்ப்ரசரும் கெடும். கெபாசிட்டரில் கை வைக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் இருக்கும்.

வெளி யூனிட் நன்றாக ஓடுகிறது, ஆனாலும் குளிரவில்லை என்றால் ஒரு சாதாரண வெப்பமானி போதும். ஏசி 15 நிமிடம் ஓடிய பிறகு, காற்றை உள்ளே இழுக்கும் கிரில்லிலும் குளிர்காற்று வெளியே வரும் வாயிலிலும் அளந்து பாருங்கள். சுமார் 8 முதல் 11 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. குளிர் வேறு எங்கோ வீணாகிறது, டக்ட், அதாவது காற்று போகும் குழாய், ஓட்டையாகவும் இருக்கலாம். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும். வித்தியாசம் மூன்று நான்கு டிகிரிதான் என்றால் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஃபில்டர் அடைத்தால் காற்றோட்டம் குறையும். காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனி கட்டும். பனி கட்டினால் காற்று இன்னும் குறையும். பனியைச் சுரண்டாதீர்கள். கூலிங்கை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் சில மணி நேரம் ஓட விடுங்கள். ஃபில்டர் மாற்றிய பிறகும் பனி கட்டினால் குளிரூட்டும் கேஸ் கசிவாக இருக்கலாம். கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. கசிவைத் தேடாமல் ‘நிரப்பிவிட்டுப் போகிறேன்’ என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: காலையில் எழுந்து பார்த்தால் திரை கறுப்பு. எதை அழுத்தினாலும் உயிர் இல்லை.

பேட்டரி போடும் மாடல் என்றால் அதை மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் 24 வோல்ட் வரவில்லை என்று அர்த்தம். பிரேக்கர், உள் யூனிட்டின் கதவு சரியாக மூடியிருக்கிறதா (திறந்திருந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் அங்கே உண்டு), கண்ட்ரோல் போர்டில் இருக்கும் சின்ன ஃபியூஸ் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ஃபியூஸ் பெரும்பாலும் 3 அல்லது 5 ஆம்பியர் இருக்கும், கார்களில் போடும் அதே வகை. பெரிய ஆம்பியர் போட்டு ‘சரி’ செய்யாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

பலர் மறப்பது, ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் சேரும் தட்டை. அந்தத் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய் பாசி பிடித்து அடைத்தால் தட்டில் தண்ணீர் ஏறும், மிதவை சுவிட்ச் மேலே எழும்பி மின்சாரத்தைத் துண்டிக்கும். கூரை நனையாமல் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்தால் திரை தானே வந்துவிடும்.

கேள்வி: நானே புது தெர்மோஸ்டாட் மாட்டினேன். கூலிங் போட்டால் சூடான காற்று வருகிறது!

உங்கள் வீட்டில் இருப்பது ஹீட் பம்ப். அதில் ஒரே இயந்திரம் குளிரும் தரும், சூடும் தரும். திசையை மாற்ற ஒரு வால்வு உண்டு. அந்த வால்வை இயக்கும் கம்பிதான் ‘ஓ/பி’ (O/B). பெரும்பாலான பிராண்டுகளில் வால்வுக்கு மின்சாரம் கிடைத்தால் குளிர், சிலவற்றில் மின்சாரம் கிடைத்தால் சூடு. தெர்மோஸ்டாட்டின் ஆப்பில் அந்த அமைப்பை ‘ஓ’விலிருந்து ‘பி’க்கோ எதிர்த்திசையிலோ மாற்றினால் போதும்.

கேள்வி: பழைய தெர்மோஸ்டாட்டில் ‘சி’ கம்பி இல்லை. புதியது ‘சி’ இல்லாமலும் ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இப்போது அடிக்கடி வைஃபை விட்டுப்போகிறது, ஏசி விட்டுவிட்டு ஓடுகிறது.

‘ஓடும்’ என்பது உண்மைதான், ஆனால் எல்லா வீட்டிலும் இல்லை. ‘சி’ என்பது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. அது இல்லாதபோது தெர்மோஸ்டாட் ‘ஒய்’ வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சித் தன் உள் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். ஏசி நீண்ட நேரம் ஓடும் வெயில் காலத்தில்தான் இந்தத் திருட்டு கட்டுப்படியாகாமல் போகிறது. பேட்டரி இறங்கும், வைஃபை போகும், ஏசியைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே படபடக்கும்.

பிரேக்கரை அணைத்துவிட்டு சுவருக்குள் பாருங்கள், பயன்படுத்தாத ஒரு கம்பி சுருண்டு கிடக்கலாம். அதை இரு முனையிலும் ‘சி’யில் மாட்டினால் தீர்ந்தது. கம்பியே இல்லையென்றால் அடாப்டரோ தனி 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோ போடலாம். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். அது எந்த எழுத்தில் மாட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. மாட்டுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் தடிமனாக இருந்தால் அது வீட்டு மின்சாரமாக இருக்கலாம், அதைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் தொடாமலேயே மதியம் 27-க்குப் போய்விடுகிறது.

பழுது இல்லை, அதிகப்பிரசங்கித்தனம். யாரும் வீட்டில் இல்லை என்று உங்கள் போனின் இருப்பிடத்தை வைத்து முடிவு செய்திருக்கும். அல்லது முன்பு போட்டு வைத்த பழைய அட்டவணை, மின்சாரம் சேமிக்கும் ஈகோ (Eco) மோடு. மின் நிறுவனத்தின் சேமிப்புத் திட்டம் எதிலாவது சேர்ந்திருக்கிறீர்களா என்றும் ஆப்பில் பாருங்கள். அதில் இருந்தால் உச்ச நேரத்தில் அவர்களே வெப்பநிலையை ஏற்றுவார்கள்.

கேள்வி: டிகிரியைக் குறைத்தால் உடனே ஓடுவதில்லை. சில நிமிடம் சும்மா இருக்கிறது.

கம்ப்ரசரைக் காப்பாற்றும் தாமதம் அது, வழக்கமாக 5 நிமிடம் வரை. காத்திருங்கள். திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டால் பல மாடல்களில் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: அறை சில்லென்று இருக்கிறது, திரை மட்டும் இரண்டு மூன்று டிகிரி கூடக் காட்டுகிறது.

வெயில் படுகிறதா, பக்கத்தில் விளக்கோ டிவியோ இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, கம்பி வரும் ஓட்டையில் கை வைத்துப் பாருங்கள். சுவருக்குள்ளிருந்து சூடான காற்று வந்தால் அந்த ஓட்டையைத் தீப்பிடிக்காத சீலன்ட்டால் அடைத்துவிடுங்கள். ஆப்பில் வெப்பநிலையைத் திருத்தும் வசதி உண்டு என்றாலும் அதைக் கடைசியாகத் தொடுங்கள்.